டெங்கு என்.எஸ்.1 புரதத்தை ஒளியிழையால் பிடிப்பது எப்படி: நெல்லைக் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2012-இல் நெல்லை மாவட்டத்தில் டெங்கு பரவியபோது அதிகம் அடிபட்ட ஊர்களில் கடையநல்லூரும் ஒன்று (2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது தென்காசிக்குப் போய்விட்டது). காய்ச்சல் தொடங்கும்போதே வைரஸ் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் விட ஆரம்பித்துவிடும். உடம்பு தயாரிக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி சோதனையில் தெரிய நாலைந்து நாள் ஆகும். அதனால் ஆரம்ப நாட்களில் என்.எஸ்.1 தான் நம்பகமான அடையாளம். ஆனால் டெங்கு இரண்டாம் முறை வருபவர்களுக்கு, முந்தைய தொற்றில் உருவான ஆன்டிபாடிகள் இந்தப் புரதத்தைப் பிடித்து மறைத்துவிடுகின்றன. ரத்தத்தில் தனியாகத் திரிவது கொஞ்சம்தான் மிஞ்சும். சாதாரண பட்டைச் சோதனை (சில நிமிடத்தில் கோடு காட்டும் ரேபிட் டெஸ்ட்) கோட்டை விடுவது இங்கேதான். நோய் கடுமையாகும் வாய்ப்பும் இவர்களுக்கே அதிகம்.

அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்கும் ஒளியிழை உணரியை, அதாவது ஃபைபர் சென்சாரை, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ எம்.எஸ்சி. இயற்பியல், உயிர்த்தொழில்நுட்பம் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த செறிவில் கண்டறிவதில் பெரிய சண்டை ஒளியோடு இல்லை. புரதமே இல்லாத வெற்று மாதிரி தரும் பொய் சிக்னலோடுதான் சண்டை. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அதை அடக்குவதற்கானவை.

எவ்வளவு குறைவு என்றால் குறைவு?

பாபநாசம் அணை 143 அடியும் நிரம்பினால் அதில் சுமார் 5,500 மில்லியன் கன அடி தண்ணீர் இருக்கும். அவ்வளவு தண்ணீரிலும் வெறும் 155 கிராம் உப்பைக் கரைத்தால் வரும் செறிவு, ஒரு மில்லிலிட்டருக்கு 1 பிகோகிராம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின், மறதி நோயோடு தொடர்புடைய டௌ புரதம் போன்றவற்றை ரத்தத்தில் இந்த அளவுகோலில்தான் அளக்கிறார்கள். என்.எஸ்.1 அந்த அளவுக்குக் கஞ்சம் இல்லை. நோயின் உச்சத்தில் மைக்ரோகிராம் வரைக்கும் போகும், தொடக்கத்திலும் இரண்டாம் தொற்றிலும் நானோகிராமுக்குக் கீழே இறங்கும்.

மோலார் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 1 பிகோமோலார் என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 6 லட்சம் மூலக்கூறு. 1 ஃபெம்டோமோலார் என்றால் 600. 1 அட்டோமோலார் என்றால் ஒன்றுகூட முழுசாக இல்லை. 10 மைக்ரோலிட்டர் எடுத்தால் சராசரியாக 6 இருக்கும், ஒரு தடவை 3 வரும், இன்னொரு தடவை 9 வரும். அட்டோமோலார் வரை கண்டோம் என்று யாராவது சொன்னால், எத்தனை மைக்ரோலிட்டர் எடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

எந்த ஃபைபர்?

இன்டர்நெட் இணைப்புக்கு ஃபைபர் ஒட்ட வரும் ஆளிடம், "அண்ணாச்சி, வெட்டிப் போட்ட துண்டு இருக்கா?" என்று கேட்டால் கை நிறையக் கொடுப்பார். இந்த வேலைக்கு அது ஆகாது. அதன் மையம் சுமார் 9 மைக்ரோமீட்டர், சுற்றியுள்ள கண்ணாடி உறை 125 மைக்ரோமீட்டர். மையத்தில் ஓடும் ஒளி வெளித் திரவத்தைத் தொட வேண்டுமானால் அந்த உறையை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் அரிக்க வேண்டும். தோல் வழியாக இறங்கி எலும்பு வரை போகிற அமிலம் அது. அதற்கான பயிற்சியும் ஏற்பாடும் இல்லாத ஆய்வகத்தில் பாட்டிலைக்கூட வாங்கி வைக்காதீர்கள்.

நீள் இடைவெளி கிரேட்டிங், சாய்ந்த பிராக் கிரேட்டிங், தங்கப் படலம் பூசிய பிளாஸ்மான் ஃபைபர் என்று வேறு வகைகளும் உண்டு. நல்ல வகைகள்தான். ஆனால் அவற்றைப் படிக்கும் கருவிக்கே லட்சக்கணக்கில் செலவாகும்.

நமக்கு ஏற்றது 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஃபைபர், அதாவது பி.எம்.எம்.ஏ. (அக்ரிலிக் பிளாஸ்டிக்) மையம் கொண்டது. அதை யு வடிவத்தில் வளைத்து, தங்கத் துகளோடு சேர்த்துப் பயன்படுத்தப் போகிறோம். மும்பை ஐ.ஐ.டி.யிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் யு வளைவு ஃபைபரில் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. எல்.இ.டி., ஃபோட்டோடயோடு, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஃபைபரில் நிறுத்திய ஆன்டிபாடி என்.எஸ்.1-ஐப் பிடிக்கும், இன்னொரு ஆன்டிபாடி ஏற்றிய தங்கத் துகள் அதன் மேல் வந்து ஒட்டி ஒளியை விழுங்கும், ஃபைபரில் வரும் ஒளி குறையும். பி.எம்.எம்.ஏ.யின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருக்கு 1.33. ஒளி உள்ளேயே முழு எதிரொளிப்பு அடைந்து ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறை சுவரில் பட்டுத் திரும்பும்போதும் அதன் மின்புலம் கொஞ்சம் வெளியே கசியும். பச்சை ஒளிக்கு, 75 டிகிரி கோணத்தில் கணக்குப் போட்டால் அந்தக் கசிவின் ஆழம் சுமார் 150 நானோமீட்டர். ஆன்டிபாடியின் உயரம் 10 முதல் 15 நானோமீட்டர், தங்கத் துகள் 40. இரண்டும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் மிதப்பதை ஃபைபர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வளைவில் கதிர்கள் மாறுநிலைக் கோணத்துக்கு நெருக்கமாகப் போய் மோதுவதால் கசிவு இன்னும் அதிகமாகும். நேரான துண்டைவிட வளைந்த துண்டு பல மடங்கு உணர்வது இதனால்தான்.

வளைத்தல், உறை நீக்குதல், சோதித்தல்

சுமார் 20 சென்டிமீட்டர் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். முனைகளைப் புதிய பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டி, நுண்மணல் தாளில் எட்டு போடுவதுபோலத் தேய்த்து மெருகேற்றுங்கள். 1.5 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளைவு வரும்படி நடுப்பகுதியை மடக்கி, இரு கால்களையும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் செருகிப் பிடித்து, சூடான காற்றில் காட்டுங்கள். பி.எம்.எம்.ஏ. 105 டிகிரி செல்சியஸ் அருகே இளகிவிடும். அதைத் தாண்டவிட்டால் வளைவு தட்டையாகி ஒளி அங்கேயே கொட்டிப்போகும். 80 டிகிரி அளவில் நிதானமாகக் காட்டி, ஆறும் வரை கையை எடுக்காதீர்கள்.

உறையை நீக்க எத்தில் அசிடேட்டில் நனைத்த இழை உதிராத துடைப்புத் தாளால் வளைவை மட்டும் மெல்லத் துடைக்கவும். அசிட்டோன் வேண்டாம், பி.எம்.எம்.ஏ.யில் மயிரிழை விரிசல் விழும்.

உறை போனதா என்பது கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரைக் கரைசல் சொல்லிவிடும். தண்ணீர் 1.333, 10 சதவீதச் சர்க்கரை 1.348, 20 சதவீதம் 1.364. மூன்றிலும் மாற்றி மாற்றி முக்கி ஒளியின் அளவைப் பாருங்கள். படிப்படியாகக் குறைந்தால் மையம் வெளியே வந்துவிட்டது. அசையாமல் நின்றால் உறை இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒரே தொகுதியில் செய்த ஃபைபர்களில் இந்தச் சரிவு 10 சதவீதத்துக்கு மேல் மாறுபடுபவற்றை ஒதுக்கிவிடுங்கள். இந்த எல்லை என் பழக்கம், உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏதாவது ஒரு எல்லை இருந்தே ஆக வேண்டும். மோசமான ஃபைபரை இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டால் கடைசியில் வெற்று மாதிரிகளின் சிதறல் வீங்கி நிற்கும்.

ஒளியும் மின்னணுவும்

40 நானோமீட்டர் தங்கத் துகள் 530 நானோமீட்டர் பக்கம்தான் அதிகமாக ஒளியை விழுங்கும். அதனால் பச்சை எல்.இ.டி. எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் எல்.இ.டி., மறு காலில் ஃபோட்டோடயோடு, வளைவு கீழே கிணற்றுத் தட்டுக்குள் (மாதிரி ஊற்றும் சிறு குழிகள் கொண்ட தட்டு). எல்லாம் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஃபோட்டோடயோடின் சிக்னலை எண்ணாக்க நல்ல 16 பிட் மாற்றி ஒன்று போதும். உட்கவர்வு (ஒளி விகிதத்தின் மடக்கை) 0.001 கூடினால் ஒளி சுமார் 0.23 சதவீதம் குறையும், அந்த மாற்றிக்கு அது பல பத்து எண்ணிக்கை. உண்மையான தொல்லை எல்.இ.டி.யின் நகர்வு. சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத அறையில் காலைக்கும் மதியத்துக்கும் எல்.இ.டி.யின் ஒளி மாறிவிடும், பி.எம்.எம்.ஏ., தண்ணீர் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் டிகிரிக்கு சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகரும். நிலையான மின்னோட்டத்தில் ஓட்டி, அரைமணி நேரம் எரியவிட்டு, அப்புறம்தான் அளக்கத் தொடங்க வேண்டும். எல்.இ.டி.யை நேரடியாகப் பார்க்கும் இரண்டாவது ஃபோட்டோடயோடு ஒன்றை வைத்து விகிதம் எடுத்தால் பாதித் தலைவலி போய்விடும். எல்.இ.டி.யை எரித்து ஒரு அளவு, அணைத்து ஒரு அளவு என எடுத்துக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு சராசரியும் 20 மில்லி வினாடியின் முழு மடங்காக இருந்தால் டியூப்லைட்டின் துடிப்பு தானாகவே அடங்கிவிடும்.

ஃபைபரில் ஆன்டிபாடியை நிறுத்துதல்

பி.எம்.எம்.ஏ.யில் புரதம் நேராகப் பிணைய வழியில்லை. முதலில் அமீன் குழுக்களை உண்டாக்க வேண்டும். பிஎச் 11.5 உள்ள போரேட் தாங்கல் கரைசலில் (பஃபரில்) 10 சதவீத ஹெக்சாமெத்திலின் டையமின், அதில் 2 மணி நேரம். அரிக்கும் பொருள், புகைக்கூண்டுக்குள் கையுறையோடு செய்யுங்கள். நன்றாகக் கழுவிய பிறகு 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் அரைமணி நேரம், மறுபடி கழுவல். பிறகு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் ஆன்டிபாடி, 4 டிகிரியில் இரவு முழுக்க.

இங்கே பலரும் வாங்கும்போதே கோட்டை விடுவார்கள். ஆன்டிபாடிக் குப்பியில் நிலைநிறுத்தியாக பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரப் புரதம்) சேர்த்திருந்தாலோ அமீன் உள்ள டிரிஸ் தாங்கலில் வந்திருந்தாலோ, ஆன்டிபாடிக்கு முன்னால் அவை போய் ஆல்டிஹைடைப் பிடித்துக்கொள்ளும். பி.எஸ்.ஏ. இல்லாதது, டிரிஸ் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். சென்னையிலிருந்து வியாழன், வெள்ளியில் அனுப்பச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடந்து ஐஸ் பொதி உருகிவிடும். வந்தவுடன் சிறு குப்பிகளாகப் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் ஆன்டிபாடி கெடும். கரண்ட் போகும் இடமானால் ஃப்ரீசருக்கு யு.பி.எஸ். அவசியம்.

இரண்டு ஆன்டிபாடி தேவை. பிடிப்பதற்கு ஒன்று, தங்கத்தில் ஏற்றுவதற்கு ஒன்று. இரண்டும் என்.எஸ்.1-இன் வெவ்வேறு இடத்தைப் பிடிக்க வேண்டும். ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்களுக்கும் என்.எஸ்.1 உண்டு. அவற்றோடு ஒட்டாத ஜோடியாகப் பாருங்கள்.

மிச்சமிருக்கும் ஆல்டிஹைடை கிளைசினால் மூடி, பிறகு 1 சதவீத பி.எஸ்.ஏ.வில் அரைமணி நேரம். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்றில் ஒரு பங்கு ஃபைபர்களில் என்.எஸ்.1-க்குச் சம்பந்தமே இல்லாத ஆன்டிபாடியை நிறுத்தி வையுங்கள். அதே மாதிரியில் அதையும் முக்கப் போகிறோம். அது காட்டும் சிக்னல்தான் உண்மையான வெற்று. தாங்கல் கரைசலை மட்டும் வெற்றாக வைத்துக்கொண்டு அழகான எண்களைப் போடுகிற கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தங்கத் துகள் தயாரித்தல்

100 மில்லிலிட்டர் 0.01 சதவீத குளோரோஆரிக் அமிலத்தைக் கொதிக்கவிட்டு, 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் 1 மில்லிலிட்டர் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மஞ்சள் நிறம் போய், சாம்பல் கலந்த நீலமாகி, சில நிமிடத்தில் திராட்சை ரசச் சிவப்பில் நிற்கும். ஃப்ரென்ஸ் 1973-இல் வெளியிட்ட அட்டவணைப்படி இந்த விகிதத்துக்குச் சுமார் 40 நானோமீட்டர் துகள் வரும், சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும். குழாய்த் தண்ணீரில் இதைச் செய்ய முடியாது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதிலுள்ள உப்புகள் தங்கத்தைத் திரள வைத்துவிடும். 18.2 மெகா ஓம் தூய்மை நீர்தான் வேண்டும்.

 ஒரு சாதாரணச் சாய மூலக்கூறைவிட இந்தத் துகள் ஒன்று பல்லாயிரம் மடங்கு ஒளியை விழுங்கும். ஒரு என்.எஸ்.1-ஐப் பிடித்த இடத்தில் ஒரு துகள் உட்கார்ந்தாலே ஃபைபருக்குத் தெரிவது இதனால்தான்.

ஆன்டிபாடியை ஏற்றும் முன் பிஎச்-ஐ பொட்டாசியம் கார்பனேட் துளிகளால் 8.5, 9-க்கு ஏற்றுங்கள். பிஎச் மீட்டரின் கண்ணாடி முனையை நேரே உள்ளே விடாதீர்கள், தங்கம் அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். பிஎச் தாள் போதும். பிறகு உப்புச் சோதனை. ஒரு வரிசைக் குழாய்களில் 1 மில்லிலிட்டர் தங்கக் கரைசல் வீதம் எடுத்து, 0, 2, 4, 6 என்று 20 மைக்ரோகிராம் வரை ஆன்டிபாடி சேர்த்து, கால்மணி கழித்து ஒவ்வொன்றிலும் 10 சதவீத உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஆன்டிபாடி போதாத குழாய்கள் கண்ணெதிரே கருஊதாவாகி நீலத்துக்கு இறங்கும். எந்தக் குழாயிலிருந்து சிவப்பு மாறாமல் நிற்கிறதோ, அந்த அளவுக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக பி.எஸ்.ஏ. சேர்த்து, மையவிலக்கில் சுற்றி, மேல் திரவத்தை எடுத்துவிட்டு, புதுத் தாங்கலில் கலக்கவும். ஒட்டாத ஆன்டிபாடி மேல் திரவத்தோடு போகாமல் மிஞ்சிவிட்டால், அது என்.எஸ்.1-ஐ முந்திக்கொண்டு பிடித்து சிக்னலைத் தின்றுவிடும்.

அளக்கும் நாள்

முதலில் ட்வீன்-20 என்ற சோப்பு போன்ற பொருள் 0.05 சதவீதம் கலந்த தாங்கலில் ஃபைபரை வைத்து அடிப்படைக் கோடு எடுங்கள். பிறகு 100 மைக்ரோலிட்டர் மாதிரியில் 30 நிமிடம், மூன்று கழுவல், தங்கத்தில் 15 நிமிடம், மூன்று கழுவல், மறுபடி சுத்தமான தாங்கலில் அளவு. இரண்டு அளவுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கைதான் உங்கள் சிக்னல்.

மாதிரிக்குள் ஃபைபரை அசையாமல் நிறுத்தி வைக்கக் கூடாது. என்.எஸ்.1 ஆறு அலகு சேர்ந்த, சுமார் 300 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. அது வெறும் விரவலால் 1 மில்லிமீட்டர் நகர மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆட்டுங்கள், அல்லது குறுகலான குழாயில் மாதிரியை முன்னும் பின்னும் ஓடவிடுங்கள். செறிவு குறையக் குறைய, ஆன்டிபாடியின் தரத்தைவிட இந்த ஆட்டம் பெரிய வித்தியாசம் காட்டும்.

அளவை ஏன் சுத்தமான தாங்கலில் எடுக்கச் சொல்கிறேன் என்றால், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்த சீரத்தில் ஹீமோகுளோபின் கலந்திருக்கும், அது 541 நானோமீட்டரில், அதாவது நம் பச்சை ஒளிக்குப் பக்கத்திலேயே, ஒளியை விழுங்கும். சீரத்தை 10 மடங்கு நீர்த்து, அளக்கும் முன் கழுவிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. மாதிரியையும் தங்கத்தையும் ஒன்றாகக் கலந்து நேரம் மிச்சம் பிடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். என்.எஸ்.1 மைக்ரோகிராம் அளவில் இருக்கும் நோயாளியின் மாதிரியில், பிடிக்கும் ஆன்டிபாடியும் தங்கமும் தனித்தனியாக நிறைந்துபோய் இரண்டுக்கும் நடுவே பாலம் அமையாது. நோய் முற்றியவருக்குச் சோதனை ‘இல்லை’ என்று சொல்லும்.

சிக்னல் போதவில்லை என்றால் தங்கத்தின் மேல் வெள்ளி படிய வைத்துப் பெருக்கலாம் என்று படித்திருப்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் தப்பாக ஒட்டிய துகளின் மேலும் வெள்ளி படியும், வெற்றும் சேர்ந்தே பெருகும். அதற்கு முன் பி.எஸ்.ஏ.வுக்குப் பதில் பால் புரதமான கேசின், ட்வீன் அளவை மாற்றுவது, கூடுதலாக ஒரு கழுவல் என்று வெற்றை இறக்கப் பாருங்கள். செலவும் குறைவு.

கண்டறியும் எல்லையைக் கணக்கிடுதல்

தெரிந்த செறிவுகளுக்கு எதிரே சிக்னலைக் குறித்த வரைபடத்தில், மடக்கை அச்சில் நேர்கோடு போட்டு, அதைக் கீழே நீட்டி, "இத்தனை அட்டோமோலார் வரை காணும்" என்று எழுதுவது தவறு. அந்த இடத்தில் நீங்கள் அளக்கவே இல்லை. குறைந்த பக்கத்தில் வளைவு தட்டையாகி வெற்றின் மட்டத்தில் ஒன்றிவிடும். இரு முனையிலும் தட்டையாகும் எஸ் வடிவ நான்கு மாறிலி வளைவைப் பொருத்துவதே முறை.

எல்லையை இரண்டு படியாக எடுக்கலாம். முதலில் வெற்று எல்லை: வெற்றுகளின் சராசரியோடு 1.645 மடங்கு திட்டவிலக்கம். அதற்கு மேல், குறைந்த செறிவு மாதிரியின் திட்டவிலக்கத்தில் 1.645 மடங்கைக் கூட்டினால் கண்டறியும் எல்லை. உதாரணத்துக்கு வெற்றின் சராசரி 0.012, விலக்கம் 0.004 என்றால் வெற்று எல்லை 0.0186. குறைந்த செறிவின் விலக்கம் 0.005 என்றால் கண்டறியும் எல்லை 0.0268. வளைவில் அந்த உயரத்துக்கு நேரே உள்ள செறிவை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 20 வெற்றுகள் வேண்டும், ஒரே நாளில் ஒரே தொகுதியில் செய்த 20 அல்ல. பல நாள், பல தொகுதி, பல கைகள். அப்படி எடுத்தால் எண் கொஞ்சம் அசிங்கமாகத்தான் வரும், பரவாயில்லை.

நோயாளி மாதிரிக்குப் போகும் முன்

முதல் கட்டம் முழுக்க, கடையில் கிடைக்கும் மறுசேர்க்கை என்.எஸ்.1 புரதத்தைத் தொற்று இல்லாத சீரத்தில் கலந்துதான் செய்ய வேண்டும். நோயாளியின் சீரத்தை இயற்பியல் துறைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதற்கு இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஒப்புதல் படிவம் வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தின் நுண்ணுயிரியல் துறையைக் கூட்டாளியாகக் கேட்பதுதான் நேர் வழி. கேட்கப் போகும்போது வெற்றுகளின் அட்டவணையையும் கொண்டுபோங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மாதிரிகள் வந்தால் அதே குப்பியிலிருந்து எலைசாவும் (ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் ஆன்டிபாடிச் சோதனை) ஓட்டி, யாருடைய மாதிரி எது என்று தெரியாதபடி ஒப்பிட வேண்டும். காய்ச்சலின் எத்தனையாவது நாள், முதல் தொற்றா இரண்டாம் தொற்றா என்ற குறிப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் உங்கள் ஃபைபர் எந்த நோயாளியிடம் உதவியது என்று சொல்லவே முடியாது. இந்தக் கட்டத்தில் வரும் முடிவை நோயாளிக்கோ டாக்டருக்கோ சிகிச்சைக்காகக் கொடுக்கக் கூடாது. சந்தைக்குக் கொண்டுபோவதானால் 2017-இன் மருத்துவச் சாதன விதிகளின் கீழ் உரிமம் வாங்க வேண்டும்.

சீரம் தொட்ட பிளாஸ்டிக் ஃபைபர்கள் சிவப்புப் பையில், பிளேடும் ஊசியும் குத்துப்படாத வெள்ளைப் பெட்டியில். குளுட்டரால்டிஹைடு மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் தேதி போட்டுச் சேர்த்து, கழிவு எடுக்க வருபவரிடம் கொடுங்கள்.